7. இந்தக் கணக்கு இப்பத்தையதா?

ஏறாவூரில் ஒரு மில்லின் சீமெந்துக் களத்தில் அவித்த நெல் காய்ந்துகொண்டிருக்கும்போது நாலு துளி விழுந்தால் போதும். தராசடியில் நிற்பவர், கணக்கு எழுதுபவர், தேத்தண்ணி கொண்டு வந்த பொடியன் என்று எல்லாரும் படங்கைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுவார்கள். நனைந்த நெல்லைத் திரும்பக் காயவைக்கலாம்தான். ஆனால் நிறம் போய்விடும், ஒரு வாடை வரும், குத்தும்போது அரிசி உடையும். உடைந்த அரிசிக்கு என்ன விலை என்று மில்காரருக்குத் தெரியும்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்வது அப்படியான ஒரு மில்லின் திரை. பெரும்போக அறுவடை தொடங்கியதும் உன்னிச்சை, உறுகாமம் குளத்து நீரில் விளைந்த நெல் லொறியிலும் லேன்ட்மாஸ்டரிலும் அங்கே வந்து இறங்கும். முதலாளி ஒரு ஹாஜியார். அவருக்கு வேண்டியது மூன்றே மூன்று எண்கள்: இன்று வாங்கிய நெல் எத்தனை கிலோ, அதன் சராசரி ஈரப்பதம் எவ்வளவு, அடுத்த 12 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் மழை. மூன்றாவது எண்ணைப் பார்த்துத்தான் இன்றைக்கு நெல்லை அவிப்பதா, ஊறவே விடுவதா என்று முடிவு செய்வார்.

திரையை மாட்டிய முதல் நாள் ஹாஜியார் எதிரே நின்று நிதானமாகப் பார்த்தார். வடிவாகத்தான் இருந்தது. பிறகு கேட்டார்: “தம்பி, இந்தக் கணக்கு இப்பத்தையதா, நேத்தையதா?”

என்னிடம் பதில் இருக்கவில்லை. தரவைக் கோப்பிலிருந்து டாஷ்போர்டுக்குக் கொண்டுவரும் வேலையில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான். வட்ட வரைபடமா பட்டை வரைபடமா என்பதெல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிகிற காரியம்.

எது கட்டமைப்புள்ள கோப்பு

மனிதன் பார்க்க அட்டவணை போல் தெரிவதெல்லாம் கணினிக்கு அட்டவணை இல்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் மழைக்காலத்தில் ஆற்று நீர்மட்ட அறிக்கைகளை பிடிஎஃப் ஆக வெளியிடுகிறது. கண்ணுக்கு வரிசையும் நிரலும் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ தாளில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும். அதைப் பிய்த்து எடுக்கலாம், வடிவமைப்பு கொஞ்சம் மாறினாலும் பிய்ந்துவிடும். முடிந்தவரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சிஎஸ்வி என்றால் ஒரு வரிக்கு ஒரு பதிவு, காற்புள்ளி போட்டுப் பிரித்த பெட்டிகள். ஜேசன் என்றால் பெயரும் மதிப்பும் சோடியாக, ஒன்றுக்குள் ஒன்று வைத்த டப்பாக்கள் போல. இலங்கையில் ஜேசனுக்கு நல்ல உதாரணம் 2020இல் கிடைத்தது. கொரோனா பரவியபோது சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தன் எண்ணிக்கைகளை ஒரு வலை முகவரியில் ஜேசனாகத் திறந்து வைத்தது. வெளி டப்பாவில் கோரிக்கை வெற்றியா என்ற குறி, ஒரு சின்னச் செய்தி, பிறகு ‘டேட்டா’ என்ற உள் டப்பா. அதற்குள்தான் புதிய தொற்றாளர், மொத்தத் தொற்றாளர், மரணம், குணமடைந்தோர் எல்லாம். முதன்முறை இணைத்தவர்கள் பலர் வெளி டப்பாவைத் திறந்து ‘வெற்றி’ என்ற ஒற்றை வரியைப் பார்த்துத் திகைத்தார்கள். உள்ளே இன்னொரு கதவு இருந்தது. என் கவனத்தை இழுத்தது வேறொரு பெட்டி: கடைசியாக மாற்றிய திகதியும் நேரமும். தரவைக் கொடுத்தவர்களே அதன் நேரத்தையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு பெட்டி இருந்தால் ஹாஜியாரின் கேள்விக்குப் பதில் உண்டு.

எங்கள் மில்லுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று தராசுக் கணினி நாளுக்கொன்றாக எழுதும் சிஎஸ்வி. மற்றது ஓப்பன்-மீட்டியோ என்ற சேவை தரும் வானிலை ஜேசன். கருவி பவர் பிஐ டெஸ்க்டொப். அதைத் தரவிறக்க காசு இல்லை. அதற்குள் தரவைச் சீராக்கும் பகுதியான பவர் குவெரி, எக்செல் 2016 முதல் எக்செலுக்குள்ளும் இருக்கிறது. ஆகவே கீழே சொல்வது இரண்டிலும் ஓடும்.

ஒரு கிழமையில் ஆறு வருட மழை

வானிலையில் தொடங்குவோம். ஓப்பன்-மீட்டியோவுக்குப் பதிவு வேண்டாம், சாவி வேண்டாம். முகவரியில் அகலாங்கு 7.77, நெட்டாங்கு 81.60 என்று ஏறாவூரைக் கொடுத்து, மணிக்கு மணி மழைவீழ்ச்சி வேண்டும் என்று கேட்டால் ஏழு நாளுக்கான எதிர்வுகூறல் வரும். (இலவசம் என்பது வணிகமில்லாப் பாவனைக்கு. மில் வணிகம். பழகும்வரை இலவசத்தில் பழகுங்கள்; தொழிலுக்கு மாட்டும்போது கட்டணத் திட்டத்துக்குப் போங்கள்.) கெட் டேட்டாவில் ‘வெப்’ என்பதைத் தெரிந்து அந்த முகவரியை ஒட்டினால் பவர் குவெரி திறக்கும்.

இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. நாம் எதிர்பார்ப்பது ‘10 மணி, 2 மில்லிமீற்றர், 11 மணி, 0.4 மில்லிமீற்றர்’ என்று சோடி சோடியான பதிவுகள். வருவது அப்படி இல்லை. நேரங்கள் எல்லாம் ஒரு பட்டியல், மழை எல்லாம் இன்னொரு பட்டியல். முதல் பட்டியலின் ஐந்தாவது, இரண்டாவது பட்டியலின் ஐந்தாவதுக்குச் சொந்தம் என்பது எழுதாத ஒப்பந்தம். 7 நாள் என்றால் 24 ஆல் பெருக்கி, ஒவ்வொரு பட்டியலிலும் 168 உருப்படிகள்.

பவர் குவெரியில் பட்டியலுக்குப் பக்கத்தில் இரண்டு அம்புகள் விலகி நிற்பது போல ஒரு சின்னம் உண்டு. அதைத் தட்டி ‘புதிய வரிகளாக விரி’ என்றால் நேரப் பட்டியல் 168 வரிகளாகும். ஒவ்வொரு வரியிலும் மழைப் பட்டியல் முழுதாக இன்னும் உட்கார்ந்திருக்கும். அதையும் தட்டினால் ஒவ்வொரு மணிக்கும் 168 மழை. 168 ஐ 168 ஆல் பெருக்கினால் 28,224 வரிகள். எச்சரிக்கை எதுவும் வராது. வெப்பநிலையையும் கேட்டு மூன்றாவது முறை தட்டியவர் 47 இலட்சத்து 41 ஆயிரத்து 632 வரிகளை வைத்துக்கொண்டு, கணினி பழசு என்று திட்டுவார்.

நான் இரண்டு முறை தட்டினேன். கிழமைக்கு 60 மில்லிமீற்றர் மழை வரவேண்டிய இடத்தில் திரை 10,080 என்றது. மட்டக்களப்பில் ஒரு முழு வருடத்துக்கே சராசரியாக 1,700 மில்லிமீற்றருக்குக் கிட்டத்தான் பெய்யும். ஆறு வருட மழையை ஒரு கிழமையில் கொட்டியிருக்கிறேன்.

சரியான வழி, விரிக்காமல் பட்டியல்களைப் பக்கம் பக்கமாக நிறுத்துவது. பவர் குவெரியில் ‘டேபிள்.ஃப்ரம்கொலம்ஸ்’ என்ற செயற்கூறு இருக்கிறது. நேரப் பட்டியலையும் மழைப் பட்டியலையும் அதற்குள் கொடுத்தால் 168 வரி, இரண்டு நிரல் கொண்ட அட்டவணை நேராக வந்து நிற்கும். சூத்திரப் பட்டையில் ஒரே வரி. தட்டித் தட்டி வேலை செய்து பழகியவர்களுக்கு அந்த ஒரு வரி எழுதப் பயமாக இருக்கும். எழுதுங்கள்.

எந்த ஊற்றிலிருந்து எடுத்தாலும் முதலில் வரிகளை எண்ணுங்கள். எதிர்பார்த்தது 168, வந்தது 168 என்றால்தான் அடுத்த படி.

நேரம் பற்றி இன்னொன்று. முகவரியில் ஒன்றும் சொல்லாவிட்டால் இந்தச் சேவை கிரீனிச் நேரத்தில் பதில் தரும். ஆசியா/கொழும்பு என்று நேர வலயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலிலேயே நேர வித்தியாசம் விநாடியில் எழுதியிருக்கும். 19,800 என்று இருந்தால் ஐந்தரை மணி, நம் நேரம். பூச்சியம் என்றால் கிரீனிச். (பழைய தரவு சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை இலங்கையின் கடிகாரம் ஐந்தரையில் இருக்கவில்லை, முதலில் ஆறரை, அந்த வருடம் ஒக்டோபரிலிருந்து ஆறு. அந்தப் பத்து வருடத்துப் பதிவுகளை மணிக் கணக்கில் ஒப்பிட்டால் இடறும்.)

மழைத் தரவை எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பது? மணிக்கு ஒருமுறை தாராளம். இந்த எதிர்வுகூறல்களுக்குப் பின்னால் இருக்கும் உலக வானிலை மாதிரிகளில் பல, நாளைக்கு நான்கு முறைதான் புதிதாக ஓடுகின்றன. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டாலும் அதே பதில்தான் வரும். இது கணித எதிர்வுகூறல், களத்தில் வைத்து அளந்த மழை இல்லை என்பதையும் திரையில் எழுதி வையுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பார்க்க வேண்டியது வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை.

‘இ’யில் தொடங்கும் ஆட்கள்

இனித் தராசு. தராசு மென்பொருள் ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரு வரி எழுதும்: பற்றுச்சீட்டு இலக்கம், நேரம், பெயர், ஊர், வாகன இலக்கம், நிறை, ஈரப்பதம். ஏழு பெட்டி. ஈரப்பதம் மில்லுக்கு முக்கியம். நெற் சந்தைப்படுத்தும் சபை கேட்பதும் 14 சதவீதத்துக்கு மேற்படாத நெல்லைத்தான், தனியார் மில்கள் அதற்கு மேலும் எடுத்துக் காயவைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் திரையில் அன்றைய சராசரி ஈரப்பதம் 175 சதவீதம் என்று வந்தது. தண்ணீரை அளந்தாலும் 100க்கு மேல் போகாது. வாங்கிய நிறையோ கையால் எழுதிய புத்தகத்தை விடக் குறைவு. நாற்பது பற்றுச்சீட்டில் ஐந்துக்கு நிறை வெற்றாக இருந்தது. அந்த ஐந்தையும் புத்தகத்தில் தேடி எடுத்து, பெயர்களைக் கீழே கீழே எழுதிப் பார்த்தேன். இஸ்மாயில், இப்றாகீம், இல்யாஸ், திரும்ப ஒரு இஸ்மாயில், இராசதுரை. ‘இ’யில் பெயர் தொடங்கும் ஆட்களுக்கு மட்டும் நெல் இல்லை!

இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்த எவருக்கும் இப்போது விளங்கியிருக்கும். தராசு மென்பொருளில் பெயர்கள் பாமினியில் அடிக்கப்பட்டிருந்தன. பாமினி என்பது எழுத்துருதான். கணினி சேமித்து வைப்பது ஆங்கில விசைப்பலகைக் குறிகளை. ‘தமிழ்’ என்று நீங்கள் பார்க்கும் சொல் கோப்புக்குள் ஐந்து குறிகள், கடைசிக் குறி அரைப்புள்ளி, ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ‘இ’ எழுத்து இருப்பதோ காற்புள்ளி விசையில். ஆகவே இஸ்மாயில் என்று அடித்தால் கோப்புக்குள் முதலில் விழுவது ஒரு கொமா. சிஎஸ்வியில் கொமா என்றால் ‘இந்தப் பெட்டி முடிந்தது’ என்று அர்த்தம்.

அதன் பிறகு எல்லாம் ஒரு பெட்டி வலப்பக்கம் நகர்கிறது. பெயர் வெற்று. ஊர்ப் பெட்டியில் பெயரின் மிச்சம். வாகனப் பெட்டியில் ஊர். நிறைப் பெட்டியில் வாகன இலக்கம். அது எண் இல்லை என்பதால் பிழையாகி, பவர் பிஐக்குள் வெற்றாக இறங்குகிறது. ஈரப்பதப் பெட்டியில் நிறை. உண்மையான ஈரப்பதம் எட்டாவது பெட்டி. கோப்புக்கு ஏழு நிரல் என்று முதலே முடிவு செய்துவிட்ட பவர் குவெரி அதை வாய் திறக்காமல் வெட்டி எறிகிறது. 35 பேருக்கு 15 வீதம், 5 பேருக்கு 1,300 வீதம் கூட்டி நாற்பதால் பிரியுங்கள். கிட்டத்தட்ட அந்த 175 வரும். ஆளின் பெயரில் சிக்கல் இல்லாவிட்டாலும் ஊர் இலுப்படிச்சேனை என்றால் அங்கேயும் அதே கூத்து.

இதற்குச் சரியான மருந்து தராசு மென்பொருளில் யூனிகோடில் அடிப்பது. மென்பொருள் விற்றவர் ‘பார்க்கலாம்’ என்றால், பிரிகுறியைக் கொமாவிலிருந்து டப்புக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். பாமினியில் எந்த எழுத்தும் டப் விசையில் இல்லை. அதுவும் நடக்காவிட்டால் விவசாயிக்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, பெயருக்குப் பதில் அதை அடிக்கலாம். நாங்கள் மூன்றாவதைத்தான் செய்தோம், பிறகு அதுவே நல்லதென்று பட்டது. ஹாஜியாரின் திரைக்கு யார் கொண்டுவந்தார் என்பது தேவையே இல்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி எல்லாம் தராசுக் கணினியோடு நிற்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. பவர் பிஐயில் ‘பப்ளிஷ் டு வெப்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இணைப்பு கிடைத்த எவரும் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். மில் கணக்குக்கு அதைத் தொடவே வேண்டாம்.

யூனிகோடுக்கு மாறினாலும் ஊர்ப் பெயரில் இன்னொரு தொல்லை மிஞ்சும். வந்தாறுமூலை, வந்தாருமூலை என்று இரண்டு பட்டைகள் வரைபடத்தில் நிற்கும். கணினிக்கு அவை இரண்டு ஊர். ஊரைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தெரிய வையுங்கள். தமிழ்க் கோப்பு திறக்கும்போது குறிகளின் குப்பையாகத் தெரிந்தால், கோப்பின் மூலம் என்ற இடத்தில் 65001 ஐத் தெரியுங்கள், அதுதான் யூடிஎஃப்-8.

எக்செலில் திறந்து மூடியவர்

கோப்பைக் கெடுப்பவர்களில் முதலிடம் எக்செலுக்கு. கணக்குப்பிள்ளை காலையில் தராசுக் கோப்பை இருமுறை சொடுக்கித் திறக்கிறார், பார்க்கிறார், மூடும்போது ‘சேமிக்கவா’ என்று கேட்டதும் ஓம் என்கிறார். அவர் ஒன்றையும் மாற்றவில்லை. ஆனால் கோப்பில் தொலைபேசி இலக்கங்கள் இருந்திருந்தால் அவற்றின் முன் பூச்சியம் போயிருக்கும். 2016 முதல் கொடுக்கப்படும் 12 இலக்க அடையாள அட்டை எண் இருந்தால் இன்னும் மோசம்: 12 இலக்கத்துக்கு வந்துவிட்டால் எக்செல் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும், சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது காட்டியதையே எழுதும். முதல் சில இலக்கம் தவிர மற்றவை போயே போய்விடும். திரும்ப எடுக்க வழி கிடையாது.

திகதியும் அப்படித்தான். 03/02 என்றால் நமக்கு பெப்ரவரி 3. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதற்கு மார்ச் 2. பன்னிரண்டாம் திகதிவரை சத்தமில்லாமல் மாதம் மாறும், பதின்மூன்றிலிருந்து பிழை. வரைபடத்தில் மாதத்தின் பிற்பாதி வெறுமையாகவும், முற்பாதி பன்னிரண்டு மாதத்துக்கும் ஒவ்வொரு நாளாகச் சிதறியும் கிடந்தால் காரணம் இதுதான். பவர் குவெரியில் திகதி வகையை மாற்றும்போது ‘யூசிங் லொகேல்’ வழியாகப் போய் ஐக்கிய இராச்சிய ஆங்கிலத்தைத் தெரியுங்கள். மென்பொருளை மாற்ற முடியுமானால் வருடம் முதலில் வரட்டும், 2025-02-03 என்று.

கோப்பு கெடுவதைத் தவிர்க்க நான் செய்தது, டாஷ்போர்டோ கணக்குப்பிள்ளையோ தராசின் மூலக் கோப்பைத் தொடாதபடி வைத்தது. விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்னக் கட்டளைக் கோப்பை ஓட்டும். அது அன்றைய சிஎஸ்வியைப் பொதுக் கோப்புறைக்கு வேறொரு தற்காலிகப் பெயரில் நகலெடுக்கும், நகல் முழுதாக முடிந்த பிறகே சரியான பெயருக்கு மாற்றும். பாதி எழுதிய கோப்பை யாரும் வாசிக்காமல் இருக்க இந்தப் பெயர் மாற்றம். நகல் வெற்றி என்றால், அந்த நேரத்தை ஒற்றை வரிக் கோப்பு ஒன்றில் எழுதும். அதற்கு நாடிக் கோப்பு என்று பெயர் வைத்தோம். தோல்வி என்றால் எழுதாது.

நாடிக் கோப்பு ஏன்? கடைசிப் பற்றுச்சீட்டின் நேரத்தைக் காட்டினால் போதாதா? வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் மில் மூடியிருக்கும். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிவரை ஒரு லொறியும் ஏறாது. பற்றுச்சீட்டு நேரம் 11.50 இல் நிற்கும். கோப்பு செத்துவிட்டதா, லொறி வரவில்லையா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. நாடி அடித்துக்கொண்டிருந்தால் லொறிதான் வரவில்லை.

‘நேரடி’ என்றால் எவ்வளவு நேரடி

பவர் பிஐயில் சிஎஸ்வியையும் ஜேசனையும் நேரடியாகக் கேள்வி கேட்டு வாசிக்கும் வசதி கிடையாது. இரண்டும் உள்ளே இறக்குமதியாகும். புதுப்பிக்கும்போது திரும்ப இறக்குமதியாகும். இணையத்தில் இருக்கும் பவர் பிஐ சேவைக்கு ஏற்றினால், புரோ உரிமத்தில் நாளுக்கு எட்டு முறை மட்டும் அட்டவணையிட்டுப் புதுப்பிக்கலாம். மில் கணினியில் இருக்கும் கோப்பை அந்தச் சேவை எட்டிப் பார்க்க ‘கேட்வே’ என்ற இடைமென்பொருள் அதே வளாகத்தில் எப்போதும் ஓடவேண்டும். மின்வெட்டு வந்தால் கேட்வேயும் படுத்துவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாட்டில் இதை மறக்கக்கூடாது. தொடர்ந்து நான்கு முறை புதுப்பித்தல் தோற்றால் சேவை அட்டவணையையே நிறுத்திவிடும். மின்சாரம் வந்தாலும் தானாக எழும்பாது. போய்த் திரும்பப் போட வேண்டும். இதையறியாமல் ஒரு வாரம் பழைய எண்ணைப் பார்த்து வியாபாரம் செய்தவர்களை நான் அறிவேன்.

ஒரே கட்டடத்துக்குள் ஒரு திரைதான் வேண்டுமென்றால் என் யோசனை வேறு. எக்செலில் அதே பவர் குவெரியைப் போட்டு, இணைப்பின் பண்புகளில் ‘ஒவ்வொரு 5 நிமிடமும் புதுப்பி’ என்பதை இயக்கி, கோப்பைத் திறந்தபடி விடுங்கள். அழகு குறைவு. ஆனால் பவர் பிஐ சந்தா வேண்டாம், கேட்வே வேண்டாம். ஏறாவூர் மில்லில் இப்போது இருப்பது அதுதான். கொழும்பிலிருக்கும் மகனும் கைபேசியில் பார்க்க வேண்டும் என்று ஹாஜியார் கேட்கும் நாளில் புரோ வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது அவர் முதல் நாள் கேட்டதற்கு வருவோம். முதலில் நான் போட்டது ‘தரவின் வயது: 6 நிமிடம்’ என்ற அட்டை. இப்போதைய நேரத்திலிருந்து நாடிக் கோப்பின் நேரத்தைக் கழித்த விடை. இரண்டு இடத்தில் அது ஏமாற்றியது. அந்தக் கணக்கைப் பவர் குவெரிக்குள் போட்டால் அதுவும் புதுப்பிக்கும்போதுதான் ஓடும். புதுப்பித்தல் நின்றால் வயதும் அதே 6 நிமிடத்தில் நின்றுவிடும். செத்தவரின் கையில் கட்டிய மணிக்கூடு போல. இரண்டாவது, ஒத்திகைக்கு அதே குவெரியைப் பவர் பிஐ சேவையில் ஏற்றியபோது, ‘உள்ளூர் நேரம்’ என்று கேட்டால் அங்கே கிடைத்தது கிரீனிச் நேரம். மேசைக் கணினியில் 6 நிமிடம் என்றிருந்த வயது, ஏற்றியதும் மறை எண்ணானது. சேவையில் வைக்க வேண்டியிருந்தால் யூடிசி நேரத்தைக் கேட்டு ஐந்தரை மணியைக் கூட்டுங்கள். எங்கே ஓடினாலும் ஒரே விடை வரும்.

கடைசியில் வயதையே எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் நேரத்தைப் போட்டேன், கழித்தல் கூட்டல் ஒன்றும் இல்லாமல்: ‘தராசு 10.42’, ‘மழை 10.00’. எழுத்து மற்ற எண்களுக்குச் சமமான பருமன். திரையை மாட்டிய ஆணிக்கு மேலே மில்லின் சுவர் மணிக்கூடு. இரண்டும் ஒரே பார்வையில் விழும்.

அலகுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள். மூடை என்று ஒரு நிரல் வைக்காதீர்கள். மூடைக்கு எத்தனை கிலோ என்பது ஆளுக்காள் மாறும். பிற்காலத்தில் ஆற்று நீர்மட்டத்தையும் சேர்க்க நினைத்தால் கவனம்: நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அட்டவணையில் களனி கங்கையின் நாகலகம் வீதி நிலையம் அடியில், மற்றப் பல நிலையங்கள் மீற்றரில். இரண்டையும் ஒரே நிரலில் கூட்டிச் சராசரி எடுத்தவர்கள் உண்டு. ஓர் அடி 0.3048 மீற்றர்.

ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை. வேலை நாளில், எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல் தராசுக் கணினியின் வலை வயரைக் கழற்றி விடுங்கள். பிறகு ஓரமாக உட்கார்ந்து, திரையைப் பார்ப்பவர்களைப் பாருங்கள். நான் கழற்றியபோது திரை 10.42 இல் நின்றது. கணக்குப்பிள்ளை இரண்டு தடவை அதன் முன்னால் போனார், ஒன்றும் சொல்லவில்லை. இடையில் ஒரு லேன்ட்மாஸ்டர் ஏறி இறங்கியது. நிறை திரைக்கு வரவில்லை. 11.05க்கு ஹாஜியார் களத்திலிருந்து வந்தார், கையிலிருந்த நெல்லை ஊதிக்கொண்டே திரையைப் பார்த்தார், மேலே மணிக்கூட்டைப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, என்னத்தக் கழட்டினீங்க?”